தார்ப்பாய் கட்டிய கூட்டை விட்டுப் பலா மரத்தில் அடையும் கோழிகள்

பால்வெட்டுக்காரன், குலசேகரம்:
வீட்டில் ஒன்பது நாட்டுக்கோழிகள். ஐப்பசி மழை தொடங்கியதும், குளிர் படக்கூடாது என்று கூட்டைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை தார்ப்பாய் கட்டினேன். கூரை தகர ஷீட். உள்ளே ஒரு குண்டு பல்பு. இரண்டு வாரம் ஒழுங்காக அடைந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பின்பக்கத்துப் பலா மரத்துக்குக் குடிபோய்விட்டன. விடியற்காலை நான்கு மணிக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கிளம்பும்போது தலைவிளக்கை மேலே திருப்பினால், நனைந்த துணிமூட்டைகளாக வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. "உங்கள் கூட்டுக்கு மழையே மேல் என்று முடிவு செய்திருக்கும்" என்கிறாள் மனைவி. மார்கழிப் பனியில் செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மரநாய் தொல்லை வேறு. எப்படி இறக்குவது?

திற்பரப்புக் கோழியம்மா:
தம்பி, உங்கள் மனைவி சொன்னதுதான் பதில். காலையில் கூட்டைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், அந்தக் காற்றில்தான் அவை இரவு முழுவதும் கிடந்திருக்கின்றன. எச்சத்திலிருந்து வரும் அமோனியா அது. மூச்சின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் தகரத்தில் வியர்த்து, விடியும் நேரத்தில் முதுகில் சொட்டும். மரத்தில் இருந்தால் மழை பெய்யும்போது மட்டும்தான் நனையும்.

கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. இறகை உப்பிக்கொண்டு, கால்விரல்மேல் உட்கார்ந்து, தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டால் நம் ஊர்க் குளிர் அதற்கு ஒன்றுமே இல்லை. கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் மட்டும் கொஞ்சம் நடுங்கும். ஈரமும் நேராக அடிக்கும் காற்றும்தான் ஆகாது. அதனால் தார்ப்பாயை, உட்கார்ந்த கோழியின் தலை மறையும் உயரம் வரைக்கும் விட்டுவிட்டு, அதற்கு மேலே ஒரு சாண் அவிழ்த்துவிடுங்கள். அந்த இடத்தில் மரநாய் நுழையாத கம்பிவலை அடியுங்கள். தரையில் அறுவை மில்லில் கிடைக்கும் மரத்தூளைக் காய்ந்ததாகப் பார்த்து நான்கு விரல் கனத்துக்குப் போடுங்கள். ஈரத்தூள் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் போடாமலே இருக்கலாம்.

பல்பைக் கழற்றிவிடுங்கள். அது குஞ்சுக்கு. முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், பிறகு வாரம் இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம். வளர்ந்த கோழிக்கு எதற்கு? விடிய விடிய வெளிச்சம் இருந்தால் அதற்கு ஏது தூக்கம்? மரத்தூள் பக்கத்தில் சூடான பல்பு தொங்குவதும் நல்லதல்ல.

அடையும் கம்பு உருட்டாக இருக்கிறதா? இரண்டு அங்குல அகலச் சட்டத்தைத் தட்டையாக வையுங்கள். விரல்கள் வயிற்று இறகுக்குள் மறையும். முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் படுத்து எச்சம் போட்டு வைக்கும். எல்லாக் கம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் மேல்கம்புச் சண்டையும் இல்லை.

ஆரல்வாய்மொழிக் காற்று:
அக்கா சொல்வது மலையோரத்துக்குச் சரி. எங்கள் ஊரில் நான்கு பக்கமும் திறந்தால் ஆனி, ஆடியில் கோழியும் கூடும் ஒன்றாகப் பறந்துவிடும். மேற்கே முழுச்சுவர், திறப்பு கிழக்கே. ஐப்பசி, கார்த்திகை மழை அந்தக் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து அடிக்கும் என்பதால் இறவாணத்தை, அதாவது கூரையின் வெளி விளிம்பை, இரண்டரை அடி நீட்டியிருக்கிறேன். கூடு கட்டும்போது அவரவர் ஊர்க் காற்றைக் கேட்டுக் கட்ட வேண்டும்.

கனடாவில் தக்கலைக்காரி:
இங்கே பனிக்காலத்தில் சேவலின் கொண்டை நுனி உறைந்து கருத்துவிடும். அப்படிப்பட்ட இடத்திலும் கூட்டின் மேல்திறப்பை நாங்கள் மூடுவதில்லை. ஈரக்காற்று தங்கினால்தான் கொண்டை சீக்கிரம் கருகும். அக்காவுக்கு என் ஓட்டு.

பால்வெட்டுக்காரன், குலசேகரம்:
முகர்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் மாற்றியாயிற்று. ஆனால் கோழிகள் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திற்பரப்புக் கோழியம்மா:
தானாக வராது தம்பி. நன்றாக இருட்டிய பிறகு ஏணி வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பில் வையுங்கள். இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, வைத்த இடத்தில் இருக்கும். ஒரு வாரம் வெளியே விடாமல் உள்ளேயே தீனியும் தண்ணீரும் கொடுங்கள். பிறகு பொழுது சாயும் நேரத்தில் கூட்டுக்குள் ஒரு கை அரிசி. இன்னொன்று: குளிர் பட்டதால் வெள்ளைக் கழிச்சல் வந்தது என்று பக்கத்து வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். அது வைரஸ். கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி கேளுங்கள்.

பால்வெட்டுக்காரன், குலசேகரம்:
பதினொரு நாள் ஆயிற்று. எட்டு கோழிகள் தானாகவே கூட்டில் அடைகின்றன. சேவல் மட்டும் இன்னும் பலா மரத்தில்தான். நேற்று தூக்க ஏறியபோது கையைக் கொத்திவிட்டது. இன்றைக்குச் சாக்கோடு ஏறப்போகிறேன்.