புதுப்பிப்பு: ஷூபர்ட் பாட்டு பியானோவில் பாட ஆரம்பித்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: ஷூபர்ட்டின் ‘ஷ்டெண்ட்ஷென்’ என்ற ஜெர்மன் காதல் பாட்டை ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோவுக்கு மாற்றி எழுதியதை வாசிக்கிறேன், சுரமெல்லாம் சரி, ஆனால் மெட்டு பாடாமல் தட்டித் தட்டிப் போகிறது, என்ன செய்வது என்று. முதலில் வார்த்தைகளோடு பாடிப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். அதைத்தான் செய்தேன்.

இரண்டு வாரம் இடது கைப் பகுதியைத் தொடவே இல்லை. ஜெர்மன் வரிகளைத் தெரிந்த அளவுக்கு உச்சரித்துப் பாடி, மூச்சு வாங்கும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்தேன். இத்தனை நாள் மூச்சே விடாமல் வாசித்திருக்கிறேன்! அப்புறம் இன்னொன்று பிடிபட்டது: பியானோவில் சுரம் தட்டிய நொடியிலிருந்தே தேயத் தொடங்குகிறது, குரல் மாதிரி நடுவில் வளராது, அதனால் நீண்ட சுரத்துக்கு அடுத்து வருவதை, முந்தையது தேய்ந்து நிற்கும் அளவுக்கே மென்மையாக எடுத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

ஒருவர் சொன்னபடி லிஸ்ட் காலத்துப் பியானோ கலைஞர் தால்பெர்க்கின் ‘பியானோவில் பாடும் கலை’ தொகுப்பின் முன்னுரையையும் படித்தேன். 1850-களில் வந்தது. கட்டைகளை அடிக்காமல், எலும்பில்லாத கையால் மாவு பிசைவதுபோல் அழுத்தச் சொல்கிறார். எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

இன்னும் வராதது, மெட்டைத் துரத்திக்கொண்டு மேலே எதிரொலி வரும் பகுதி. எதிரொலிதான் முந்திக்கொண்டு கேட்கிறது. அங்கே சுரத்தை நீட்டிக்கும் கால் பெடலை எவ்வளவு விடுவது என்று வாசித்தவர்கள் சொல்லுங்கள்.