அம்மாளாச்சியின் பொங்கலில் அம்மாவுக்கு இடமில்லையா? ஒரு பிள்ளையின் கேள்வி

அறநெறி ஆசிரியை, ஒட்டுசுட்டான் பக்கம்

எங்கள் ஊர்க் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறி வகுப்பு எடுக்கின்றேன். முல்லைத்தீவு வற்றாப்பளையில் அம்மாளாச்சிக்கு, அதாவது கண்ணகை அம்மனுக்கு, நடக்கும் பொங்கலுக்காகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதைப் பற்றிச் சென்ற வாரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தரம் ஏழில் படிக்கும் பிள்ளை ஒருவர் எழுந்து, "ரீச்சர், கண்ணகை அம்மனும் கணவரை இழந்தவதானே? பிறகேன் எங்கட அம்மாவைப் பானையில முதல் அரிசி போட விடேல்லை?" என்று கேட்டார். "அது வழக்கம், பிள்ளை" என்று சொல்லி இருத்திவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கோவிலை நிர்வகிக்கும் பரிபாலன சபைப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, இப்படிக் கேட்கத் தொடங்கினால் பிள்ளைகளுக்குப் பக்தி குறைந்துவிடும், அம்மன் குற்றமும் வந்துசேரும் என்றார். அவர் கோவிலுக்காக உழைத்தவர். அவரை நோகடிக்க நான் விரும்பவில்லை. ஆனால், 2009இல் போர் முடிந்த பிறகு கணவரின்றிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இத்தனை பேர் வாழும் வன்னியில், அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வது? கேட்பது நம்பிக்கைக் குறைவா?

ஓய்வுபெற்ற சைவநெறி ஆசிரியர், முள்ளியவளை

தங்கச்சி, கேள்வி நம் சமயத்துக்கு வெளியிலிருந்து வந்த பொருளன்று. சைவ சித்தாந்த நூல்களான மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் அருணந்தி சிவாசாரியாரின் இருபா இருபஃதும், உமாபதி சிவாசாரியாரின் வினாவெண்பாவும் மாணவர் தம் குருவிடம் தொடுத்த கேள்விகளாகவே அமைந்தவை. குருவை வணங்கிக்கொண்டே அவரை மடக்கிக் கேட்கும் துணிவை அவற்றில் காணலாம்.

உங்கள் மாணவியின் கேள்விக்குப் பெரியபுராணத்திலேயே விடை இருக்கின்றது. திலகவதியாருக்குத் திருமணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். அவருடன் உயிர்விடத் துணிந்த திலகவதியார் தம்பிக்காக உயிர் தாங்கி, திருவதிகைக் கோவிலில் அலகிட்டு, மெழுகிட்டு, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். சமணத்திலிருந்து சூலைநோயோடு திரும்பிய தம்பி, அந்த அக்காவின் கையால் திருநீறு பெற்ற பின்னரே கோவிலுக்குள் சென்று திருநாவுக்கரசரானார். அந்தக் கையை அமங்கலம் என்று சொல்லச் சைவருக்கு நா எழுமா? இந்த வரலாற்றைப் பல ஆண்டுகள் பரீட்சைக்காகக் கற்பித்த நான், ஊர்ப் பொங்கலோடு அதனைப் பொருத்திப் பார்க்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கின்றேன்.

வாசகர், வவுனியா

ஐயா சொன்னதை ஏற்கின்றேன். ஆயினும் கேட்பவரும் பிழை விடலாம் என்பதை மறக்கக்கூடாது. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் கோவில் வழக்கங்கள் பலவற்றைக் கண்டித்தார். உயிர்ப்பலியை அவர் எதிர்த்தது இன்றும் நமக்கு நியாயமாகவே படுகின்றது. ஆனால் அதே நாவலர் கண்ணகி வழிபாட்டையும் மறுத்தார். யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோவில்கள் சில பிற்காலத்தில் வேறு அம்மன் பெயர்களுக்கு மாறின. வற்றாப்பளையிலோ சனங்கள் அம்மாளாச்சியை விடவில்லை. ஆகவே, சபையினரின் அச்சத்தையும் பொறுமையாகக் கேளுங்கள். எதைக் காக்க அவர்கள் அஞ்சுகிறார்கள் என்று தெரிந்தால்தான் பேச்சு நகரும்.

கிளிநொச்சி அக்கா

நானும் அப்படித் தள்ளி நிற்பவள்தான். மீள்குடியேறி வந்தபோது பற்றை மண்டிக் கிடந்த கோவில் வளவைத் துப்புரவாக்கி, தறப்பாளின் கீழ் முதல் விளக்கேற்றியவர்கள் எங்களைப் போன்ற பெண்களே. அன்று எவரும் எங்களிடம் மங்கலம் பற்றிக் கேட்கவில்லை. கோவில் எழும்பித் திருவிழா பெருத்த பிறகுதான் அந்த வழக்கம் நினைவுக்கு வந்தது. தங்கச்சி, அந்தப் பிள்ளைக்கு முன்னர் அதன் தாயிடம் பேசுங்கள். முன்னுக்கு வர அவருக்கு விருப்பமா, ஊர்ப்பேச்சைத் தாங்குவாரா என்று கேளாமல் அவரைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டாம்.

அறநெறி ஆசிரியை, ஒட்டுசுட்டான் பக்கம்

அக்கா சொன்னது என் மனத்தில் தைத்தது. நேற்றுப் பின்னேரம் அந்தத் தாயைப் போய்ப் பார்த்தேன். அரிசி போட அவருக்கு ஆசைதான். ஆனால் தனியே வரமாட்டாராம், இன்னும் நான்கு பேர் சேர்ந்து வந்தால் வருவாராம். ஞாயிறு வகுப்பில் திலகவதியாரைப் பற்றிப் படிப்பிக்கப் போகின்றேன். அதற்கு முன்னர், சென்ற வாரம் நான் சொன்ன பதில் பிழை என்று அந்தப் பிள்ளையிடம் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுவேன்.