மேக்கில் நோட் 22, பழைய தளத்துக்கு நோட் 14: இரண்டையும் எப்படி வைத்துக்கொள்வது?

செங்காங்வாசி:

வணக்கம். சாங்கி பிஸ்னஸ் பார்க்கில் வேலை, அங்கே எல்லாம் நோட் 22 (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்). மாலையில் எங்கள் இலக்கிய வட்டத்தின் பதிவுத் தளத்தைக் கவனித்துக்கொள்கிறேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழா. கதைசொல்லும் போட்டிக்கு மார்ச்சிலேயே பதிவைத் திறந்தாக வேண்டும். தளம் நோட் 14, வெப்பேக் 4 (தளத்தின் கோப்புகளைத் திரட்டிக் கட்டும் கருவி) காலத்தில் எழுதியது. எழுதியவர் இப்போது சிங்கப்பூரில் இல்லை.

22-இல் பில்ட் செய்தால் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) பிழை வருகிறது. நோட் வெர்ஷன்களை நிறுவி மாற்றும் என்விஎம் மூலம் 14-ஐ நிறுவினால், எம்2 மேக் நெடுநேரம் கம்பைல் செய்துவிட்டுப் பாதியில் நின்றுவிடுகிறது. வேறு வெர்ஷனுக்கு மாறினாலும் டெர்மினலில் புது டேப் திறந்தால் மறுபடி 22. உதவிக்கு வரும் பாலிடெக்னிக் மாணவரிடம் இருப்பது விண்டோஸ். அண்ணன்மார் யாராவது வழி சொல்லுங்கள்.

முனையம்:

14 வேண்டாம், 16-க்குப் போங்கள். எம்2 போன்ற ஆப்பிள் சிலிக்கானுக்கான நோட் பைனரி 16-இலிருந்துதான் கிடைக்கிறது. 14-ஐக் கேட்டால் என்விஎம் மூலக்குறியீட்டை இறக்கிக் கம்பைல் செய்யப் பார்க்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். வெப்பேக் 4 எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையைக் கேட்கிறது. நோட் 17-இலிருந்து வரும் ஓபன்எஸ்எஸ்எல் 3 அதை இயல்பாகத் தருவதில்லை. 16-இல் இருப்பது பழைய 1.1.1, அதனால் பில்ட் ஓடும். சிஎஸ்எஸ் உருவாக்கும் நோட்-சாஸ் 4 இருந்தால் மட்டும் அதை எடுத்துவிட்டு சாஸ் பொதியைப் போடுங்கள், அது 16-இல் ஏறாது.

டேப் விஷயம். என்விஎம் தனி நிரல் இல்லை, ஷெல்லுக்குள் ஏற்றப்படும் ஒரு ஃபங்ஷன். 'என்விஎம் யூஸ் 16' என்றால் அந்த ஒரு ஷெல்லின் பாத்தில் (நிரல்களைத் தேடும் கோப்புறைப் பட்டியல்) 16 இருக்கும் கோப்புறை முன்னால் வரும், அவ்வளவுதான். புது டேப் 'டீஃபால்ட்' என்ற அலியாஸைப் பார்த்து எழும். அலுவலக வேலைக்கு அது 22-ஆகவே இருக்கட்டும்.

மாறிய பிறகும் 22 வந்தால் 'விச் நோட்' அடித்துப் பாருங்கள். ஹோம்புரூ (மேக்கில் நிரல்களை நிறுவும் கருவி) பாதை தெரிந்தால், ஷெல் தொடங்கும்போது படிக்கும் இசட்எஸ்ஹெச்ஆர்சி கோப்பில் ஹோம்புரூ வரி என்விஎம் வரிக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். என்விஎம் வரிகளைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. எந்த வெர்ஷன் என்பது உங்கள் மடிக்கணினியிலோ நினைவிலோ இருக்கக் கூடாது, புராஜெக்ட்டுக்குள் இருக்க வேண்டும். தொண்டூழியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எழுதியவர் போய்விட்டார் என்று நீங்களே சொல்கிறீர்கள். புராஜெக்ட்டின் மேல்மட்டத்தில் '.என்விஎம்ஆர்சி' என்று ஒரு கோப்பு வைத்து, உள்ளே 16 என்று மட்டும் எழுதி கிட்டில் சேருங்கள். அப்புறம் அங்கே வெறும் 'என்விஎம் யூஸ்' போதும். பேக்கேஜ் ஜேசானில் 'எஞ்சின்ஸ்' என்ற இடத்திலும் எழுதுங்கள். என்பிஎம் (நோட்டின் பொதிகளை நிறுவும் கருவி) சாதாரணமாக எச்சரிக்கை மட்டும் தரும். என்பிஎம்ஆர்சி கோப்பில் 'எஞ்சின் ஸ்டிரிக்ட்'டை இயக்கினால், தப்பான வெர்ஷனில் நிறுவவே விடாது.

நோட் மாடியூல்ஸ் கோப்புறையை அழித்துவிட்டு 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். 'இன்ஸ்டால்' கொடுத்தால், பொதிகளின் வெர்ஷன்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பு புது வடிவத்துக்கு மாறும். கிட் டிஃபில் எது உண்மையான மாற்றம் என்று கண்டுபிடிக்க முடியாது.

16-க்கான ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. பெற்றோரின் தொலைபேசி எண் வாங்கும் தளத்தை அதில் ஓட்டுவது சரியில்லை. சிக்கல் வெப்பேக்கில்தானே? பில்ட் மட்டும் 16-இல் நடக்கட்டும், சர்வர் பகுதி 22-இல் ஓடுகிறதா என்று பாருங்கள். விழா முடிந்ததும் வெப்பேக் 5-க்கு மாறிவிடுங்கள், 16-ஏ தேவைப்படாது.

பூன்லே_பையன்:

அந்த மாணவருக்கு எஃப்என்எம் சொல்லுங்கள், என்விஎம் மாதிரியே நோட் வெர்ஷன் மாற்றும் கருவி. ரஸ்டில் எழுதியது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே மாதிரி ஓடும், அதே என்விஎம்ஆர்சி கோப்பையும் படிக்கும். 'யூஸ் ஆன் சிடி' போட்டுவைத்தால் கோப்புறைக்குள் நுழையும்போதே மாறிவிடும். 'விண்டோஸுக்கான என்விஎம்' என்று தேடினால் கிடைப்பது வேறு ஆட்கள் எழுதிய வேறு கருவி, பெயர்தான் ஒன்று. பைத்தானும் ரூபியும் சேர்ந்து இருக்கிற புராஜெக்ட் என்றால் மீஸ் பாருங்கள், பல மொழிகளின் வெர்ஷன்களையும் அது ஒன்றே கவனிக்கும். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

செங்காங்வாசி:

ரொம்ப நன்றி. 16-இல் பில்ட் ஆகிவிட்டது, சர்வர் பகுதி 22-இல் சிக்கலில்லாமல் ஓடுகிறது. ஒன்றே ஒன்று பாக்கி: இரவில் பதிவுப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் சர்வரில் தானாக ஓடுவது) மட்டும் 'நோட் கிடைக்கவில்லை' என்கிறது. நான் சர்வரில் உள்நுழைந்து கையால் ஓட்டினால் ஓடுகிறது.

முனையம்:

கிரான் உங்கள் பாஷ்ஆர்சி (சர்வரின் ஷெல் தொடக்கக் கோப்பு) கோப்பைப் படிப்பதில்லை, அதனால் என்விஎம் அங்கே ஏறவே இல்லை. என்விஎம் கோப்புறைக்குள்ளேயே 'என்விஎம்-எக்ஸெக்' என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. கிரான் வரியில் நோட் வெர்ஷன் மாறிக்கு 22 என்று கொடுத்து, அந்த ஸ்கிரிப்டை முழுப் பாதையோடு எழுதி, அதன் பின்னால் உங்கள் நோட் கட்டளையைப் போடுங்கள். நோட்டின் முழுப் பாதையை நேராக எழுதினாலும் ஓடும். ஆனால் அதில் வெர்ஷன் எண் முழுதாக இருக்கும், அடுத்த முறை புதுப்பித்துப் பழையதை நீக்கினால் வேலை மறுபடி நின்றுவிடும்.