பள்ளிக் கூட்டமும் பாதியில் நிற்கும் படிப்பும்

கேள்வி:
ஆட்டிசம் உள்ள 7 வயதுப் பையன். பள்ளியோடு மல்லுக்கட்டுவதிலேயே அம்மாவுக்கு வாரம் போய்விடுகிறது. பையனுக்காகப் பள்ளியில் நடக்கும் கூட்டத்தில் ஒத்துக்கொண்டது எதுவும் நடப்பதில்லை. அம்மா பாதியில் விட்ட தன் படிப்பையும் முடிக்கணும். எங்கே ஆரம்பிப்பது?

பதில் 1:
வாய்ப்பேச்சு காற்றோட போயிடுங்க. கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே "இது பேசினோம், இவர் பொறுப்பு, இந்தத் தேதிக்குள்" என்று மூணு வரி மெயில் போடுங்க. பையனுக்காகப் பள்ளி எழுதுற "கவனம் மேம்படும்" என்கிற இலக்கை ஏத்துக்காதீங்க, அதை அளக்கவே முடியாது. "பட அட்டை காட்டினால் 5 தடவையில் 4 தடவை அடுத்த வேலைக்கு மாறுவான்" என்று எழுதச் சொல்லுங்க. அதை யார், எந்த நாளில் குறிச்சு வைப்பாங்க என்பதும் கூடவே வரணும்.

பதில் 2:
உங்க படிப்புக்கு, பையன் தெரபியில் இருக்கிற நேரத்தை நம்பாதீங்க, போன் அழைப்புகளே அதைத் தின்னுடும். அழைப்புக்கெல்லாம் வாரத்தில் ஒரு மணி நேரம் தனியா. படிப்புக்கு 40 நிமிஷம், வாரம் 3 நாள், வேற ஆள் பையனைப் பார்க்கிற நேரமா இருக்கட்டும். அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்க: எந்தச் சத்தம் ஆகாது, காதைப் பொத்தினா என்ன செய்யணும், மருந்து எப்போ. முதல் ரெண்டு தடவை பக்கத்து அறையிலேயே உட்காருங்க. எடுத்ததும் வெளியே கிளம்பினா அந்த ஆளைக் கண்டாலே பையன் மிரளலாம்.

பதில் 3:
பையனைப் பற்றிய அறிக்கைகளின் அசலை யார்கிட்டயும் கொடுக்காதீங்க. நகல் மட்டும்.