ஆம்பிதியேட்டருக்குத் தமிழ்: வட்டரங்கமா, சூழரங்கா?

சு.மீ. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, பிரான்சின் ஆர்ல் நகரைப் பற்றிய பயணக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும். 'ஆம்பிதியேட்டர்' என்ற ஒரே சொல்லில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அங்கே ரோமானியர் கட்டிய இரண்டு கட்டடங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒன்று நாடகத்துக்கான அரைவட்டத் தியேட்டர். மற்றது கி.பி. 90 வாக்கில் எழுந்த ஆம்பிதியேட்டர்: இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 60 வளைவுகள், சுமார் 20,000 பேர் உட்கார்ந்து கிளாடியேட்டர் என்ற மல்வீரர்களின் ஆயுதச் சண்டை பார்த்த இடம். இரண்டுக்கும் 'அரங்கம்' என்றே எழுதினால் வாசகர் டிக்கெட்டோடு தப்பான வாசலில் நிற்பார். உதவுங்கள்.

செ.வ. எழுதியது:

'வட்டரங்கம்' இருக்கிறதே அம்மா, அதையே போடுங்கள். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். வள்ளுவரே 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்றிருக்கிறார்.

நா.க. எழுதியது:

> வள்ளுவரே

வள்ளுவரை விட்டுவிடுங்கள் ஐயா. அந்த வட்டு, ஆடுகிற காய். அந்த அரங்கு, தரையில் கீறிய கட்டம். தவிர, ஆர்லில் இருப்பது வட்டமே அல்ல. நீளம் சுமார் 136 மீட்டர், அகலம் 107. அது நீள்வட்டம்.

கிரேக்கத்தில் 'ஆம்பி' என்றால் இருபுறமும், சுற்றிலும். 'தியாட்ரோன்' என்றால் காணும் இடம். கூரியோ என்ற ரோம அரசியல்வாதி சுழலும் மரத் தியேட்டர் இரண்டைக் கட்டி, காலையில் முதுகுக்கு முதுகாக நிறுத்தி நாடகம் நடத்தினார். மாலையில் இரண்டையும் திருப்பி முகத்துக்கு முகம் சேர்த்துக் கிளாடியேட்டர்களை இறக்கினார் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். பொருள் அப்படியே கையில் கிடைக்கிறது: ஈரரங்கம். உயிர் முன் 'இரண்டு' ஈர் ஆகும், ஈராயிரம் போல.

ப.வே. எழுதியது:

பத்தாம் வகுப்பில் 'ஈரரங்கம்' என்று கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். மழையில் நனைந்த அரங்கம் என்றான் முதல் வரிசைப் பையன். வகுப்பே ஆமாம் என்றது.

நா.க. எழுதியது:

நனைந்தால் என்ன குறை? கி.பி. 80-இல் ரோம் நகரின் ஆம்பிதியேட்டரான கொலோசியம் திறந்தபோது உள்ளே நீர் நிரப்பிக் கடற்போர் நடத்திக் காட்டியதாக வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதியிருக்கிறார்.

இரா.மு. எழுதியது:

எல்லோரும் மூலத்தை விட்டுவிட்டீர்கள். ஆர்ல் மக்கள் அதை 'அரேன்' என்றுதான் அழைக்கிறார்கள். லத்தீனில் 'அரேனா' என்றால் மணல். சிந்திய ரத்தத்தை உறிஞ்சத் தரையில் மணல் பரப்பினார்கள். நம்மிடம் 'அரங்கம்' என்றால் என்ன? ஆற்றிடைக்குறை. காவிரி நடுவே மணல் மேடிட்ட இடம், திருவரங்கம். அரங்கம், அரேனா! இன்னும் சொல்ல வேண்டுமா?

நா.க. எழுதியது:

வேண்டாம். லத்தீன் வடிவம் ஹகரத்தோடு 'ஹரேனா'. அதற்கும் முன் ரோமுக்கு அண்டைக் குடியான சபீனியர் 'ஃபசேனா' என்றதாக ரோம அறிஞர் வாரோ சொல்லியிருக்கிறார். ஃபசேனாவுக்குள் அரங்கநாதரை எங்கே தேடுவீர்கள்?

கு.த. எழுதியது:

'சூழரங்கு' எப்படி? குறுகியது, வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

செ.வ. எழுதியது:

காலம் பொருந்துகிறது, எழுவாய் எங்கே? அரங்கு எதைச் சூழ்கிறது? மக்கள் அல்லவா அரங்கைச் சூழ்கிறார்கள்? சிலம்பின் அரங்கேற்று காதையில் 'எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து' என்று அளந்து அமைத்தது ஆடும் மேடையை. பார்ப்பவர் இருக்கை அந்த அளவில் இல்லை. ரோமானியருடையதில் கட்டடமே இருக்கைதான், நடுவில் வெறும் மணல்.

ப.வே. எழுதியது:

அப்படியானால் முல்லைக்கலியின் 'தொழு'? ஏறு தழுவக் காளைகளை விட்ட அடைப்பு. ஆர்லிலும் இன்றுவரை காளைதான். வெள்ளை உடை இளைஞர்கள் காளையின் கொம்பிடையில் கட்டிய நாடாவையும் குஞ்சத்தையும் கையிலுள்ள சிறு கொக்கியால் பறித்துவிட்டுத் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறார்கள். சல்லி கட்டிய கொம்பு நினைவுக்கு வரவில்லையா? அந்தப் போட்டியில் காளையைக் கொல்வதில்லை. (ஸ்பானிய முறை ஆட்டமும் அங்கே நடக்கிறது, அதில் கொல்கிறார்கள்.)

சு.மீ. எழுதியது:

தொழு அழகுதான், ஆனால் வாசகர் மாட்டுத்தொழுவம் என்று படித்துவிடுவார். இதற்கிடையில் இன்னொரு முள். ரோமப் பேரரசு வீழ்ந்தபின் ஊர்மக்கள் இதைக் கோட்டையாக்கிக்கொண்டார்கள். நான்கு கோபுரங்கள் எழுப்பி, உள்ளே 200-க்கும் மேற்பட்ட வீடுகளும் இரண்டு சிற்றாலயங்களும் கட்டி, ஓர் ஊராகவே வாழ்ந்தார்கள். 1820-களில் வீடுகளை இடித்துக் கட்டடத்தை வெளியே எடுத்தார்கள். 1830-இல் காளை விளையாட்டு. கையேடு இதை ஒரே சொல்லில் 'பாதுகாப்பு' என்கிறது. போடவா?

செ.வ. எழுதியது:

'மீட்டெடுப்பு'.

ப.வே. எழுதியது:

யாரிடமிருந்து மீட்டார்கள் ஐயா? வளைவுக்கு வளைவு சுவர் வைத்து அடுப்பு மூட்டிக் குடியிருந்தவர்களிடமிருந்தா? அரசுச் சின்னமாகப் பட்டியலில் ஏறியது 1840-இல், யுனெஸ்கோ வந்தது 1981-இல். அதற்கு முன் பல நூற்றாண்டு அந்தக் கல்லுக்குக் காவல் அந்தக் குடிகள். அவர்களை வெளியேற்றியதைப் 'பாதுகாப்பு' என்று எழுத என் பேனா வராது. இன்று நிற்கும் மூன்று கோபுரங்களும் அவர்கள் காலத்தவை. அவற்றை விட்டுவைத்ததற்கு வேண்டுமானால் அந்தச் சொல்லைப் போடுங்கள்.

நா.க. எழுதியது:

முதன்முறையாக ப.வே.யோடு உடன்படுகிறேன். 'வீடுகளை அகற்றி' என்று வினையாகவே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பெயர்ச்சொல் எதற்கு?

சு.மீ. எழுதியது:

வெள்ளி இரவு 11 மணி. அனுப்பிவிட்டேன். ஆம்பிதியேட்டர் 'வட்டரங்கம்', முதல் இடத்தில் மட்டும் 'நீள்வட்ட வடிவில் அமைந்த' என்ற அடையோடு. பக்கத்துக் கட்டடம் 'நாடக அரங்கம்'. வீடுகளை 'அகற்றினார்கள்'. சூழரங்குக்கு ஆதரவு இரண்டு, வட்டரங்கத்துக்கு நான்கு. அதில் ஒன்று என் களைப்பு.

நா.க. எழுதியது:

நீள்வட்டத்தை வட்டம் என்றதற்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

இரா.மு. எழுதியது:

ஃபசேனா பற்றித் தனி மடல் வரும். அதற்கு முன் ஒன்று: கூட்டம் வெளியேறும் வழிக்கு லத்தீனில் 'வாமிட்டோரியம்' என்று பெயர், கட்டடம் மக்களைக் கக்குகிறதாம். 'உமிழ்வாயில்' என்று வைத்திருக்கிறேன். இதற்காவது யாரும் இலக்கணம் பேசமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

செ.வ. எழுதியது:

உமிழ்வது வாயிலா, அரங்கா?