குளோயகா: பொதுக்கால்வாய் 3.4 செ.மீ. என்று வந்த அளவை நம்பலாமா?

பயிற்சி_அறுவை:
குளோயகா (மலக்குடல், யோனி, சிறுநீர்ப்பாதை மூன்றும் ஒரே பொதுக்கால்வாயில் சேரும் பிறவிக் குறை) உள்ள பெண் குழந்தை, வயது 3 மாதம். பிறந்ததும் கொலாஸ்டமி (பெருங்குடலை வயிற்றில் வெளியே திறந்துவிடுதல்) போட்டாயிற்று. வெளியே விட்ட குடலின் கீழ்முனை வழியாகக் கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) ஏற்றிய படத்தில் மலக்குடல் தட்டையாக, பியூபிஸிலிருந்து (இடுப்பின் முன்னெலும்பு) வாலெலும்புக்கு இழுக்கும் கோட்டிலேயே நின்றுவிடுகிறது. பொதுக்கால்வாய் 3.4 செ.மீ. என்று ரிப்போர்ட். இதை வைத்தே திட்டம் போடலாமா, எம்ஆர்ஐ எடுத்த பிறகா?

நிழற்பட_மேசை:
தட்டையான முனை என்றாலே அழுத்தம் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். இடுப்புத்தள தசை மலக்குடலின் அடிப்பகுதியை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடியைத் தாண்டி நிரப்பாவிட்டால் குடல் மேலேயே முடிவதாகத் தோன்றும், தேவையில்லாமல் வயிற்றைத் திறக்க வேண்டிவரும்.

முதலில் கீழ்முனையை சலைன் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தேங்கிய மலம் படத்தைக் கெடுக்கும். பிறகு 8 பிரெஞ்ச் அளவு ஃபோலி (நுனியில் பலூன் உள்ள குழாய்). பலூனில் 2–3 மி.லி. விட்டு, கொலாஸ்டமி வாயை அடைக்கும்படி மெல்ல வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் மட்டும். பேரியம் கூடவே கூடாது. சிரிஞ்சால் கையழுத்தத்தில் ஏற்றி, முனை உருண்டு கீழே இறங்கும் வரை பாருங்கள். அதற்கு மேல் அழுத்தினால் குடல் கிழியலாம். சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் தனித்தனிக் குழாய் போட்டு, மூன்றையும் ஒரே அமர்வில் நிரப்பினால்தான் இணையும் இடம் தெரியும்.

சரியான பக்கவாட்டுப் படம்தானா என்பதற்கு அடையாளம், இரண்டு தொடையெலும்புத் தலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது. சாய்ந்திருந்தால் கால்வாய் உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும். சுழன்று எடுக்கும் முப்பரிமாண ஃபுளோரோஸ்கோபி (ஓடும் எக்ஸ்ரே) இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அளவுகோல் எங்கே வைத்திருந்தார்கள்?

பயிற்சி_அறுவை:
மேல்பக்க இடுப்பின் மீது. எக்ஸ்ரே குழாய் மேசைக்குக் கீழே.

நிழற்பட_மேசை:
அப்படியானால் 3.4 கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கும். மேல் இடுப்பு குழாயிலிருந்து தள்ளி இருப்பதால் அளவுகோல் குறைவாகப் பெரிதாகிறது. நடுக்கோட்டில் உள்ள கால்வாய் அதைவிடப் பெரிதாகிறது. சில மில்லிமீட்டர்தான், ஆனால் எல்லைக்கோடே 3 செ.மீ. ஆயிற்றே! உலோக அளவுகோலைப் பிட்டங்களுக்கு நடுவே, கால்வாயின் தளத்திலேயே வையுங்கள்.

பொறுமை_ஸ்கோப்:
பொதுக்கால்வாயை மட்டும் அளப்பது பாதி வேலை. சிறுநீர்ப்பைக் கழுத்திலிருந்து பொதுக்கால்வாயில் சேரும் இடம் வரை யூரித்ராவின் (சிறுநீர் வெளியேறும் குழல்) நீளத்தையும் எழுதச் சொல்லுங்கள். கால்வாய் 1–3 செ.மீ., யூரித்ரா 1.5 செ.மீ.க்கு மேல் என்றால் யூரித்ராவையும் யோனியையும் ஒரே தொகுதியாக இறக்கலாம். யூரித்ரா அதற்குக் குறைவாக இருந்தால் இரண்டையும் பிரித்தெடுப்பதே வழி. ஒட்டுமொத்தமாக இறக்கினால் சிறுநீர் கசிவு நிற்காமல் போகலாம். சிஸ்டோஸ்கோபியில் (உள்நோக்கிக் குழாய்) கருவியைப் பின்னிழுத்து அளந்து, படத்தோடு ஒத்துப்பாருங்கள்.

எம்ஆர்ஐ இதற்கு மாற்று இல்லை. காலியான உறுப்புகள் சுருங்கிக் கிடப்பதால் இணைப்பு தெரியாமல் போகும். ஆனால் யோனித் தடுப்புச்சுவர், இரட்டைக் கருப்பை, தசைகளின் அளவு, தண்டுவடக் கட்டு (தண்டுவடம் கீழே ஒட்டி இழுபடுவது) ஆகியவற்றுக்கு அதுவே சிறந்தது. தண்டுவட அல்ட்ராசவுண்டுக்கு 3 மாதம் வரைதான் நல்ல வாய்ப்பு, அதன்பின் எலும்பு மறைக்கும்.

சிறுநீரக_ஓரம்:
யோனியில் நீர் தேங்கியிருக்கிறதா என்பதைக் கேட்காமலே போகிறோம். தேங்கிய பை சிறுநீர்ப்பை அடியை அழுத்தி, இருபக்கச் சிறுநீரகமும் வீங்கும். முதலில் வடிகுழாய், பிறகு மறுபடி ஸ்கேன். முதல் 48 மணி நேரத்தில் எடுத்த ஸ்கேன் இயல்பு என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள்: சிறுநீர் குறைவான அந்நாட்களில் வீக்கம் குறைத்தே தெரியும்.

இன்னொரு பொறி: குழாய் எளிதில் யோனிக்குள் போய்விடும். பக்கவாட்டுப் படம் இல்லாமல், நிரம்பியது சிறுநீர்ப்பைதான் என்று எழுதாதீர்கள்.