பிஎம்டபிள்யூ 520டிக்கு வி டயர் போதுமா, டபிள்யூதானா?

அண்ணாநகர்வாசி:
அண்ணன்மாரே, 2014 பிஎம்டபிள்யூ 520டி. டயர் 225/55 ஆர்17 97டபிள்யூ. மேலூர் தாண்டி ஒரு பள்ளம்; முன்டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்துவிட்டது. கடைக்காரர் "வி போதும் சார், விலை குறையும்" என்கிறார். நான் 110ஐத் தாண்டுவதே இல்லை. போடலாமா?

மாட்டுத்தாவணி மாமா:
தம்பி, அந்தக் கடைசி எழுத்து டயர் தாங்கும் உச்ச வேகம்: வி மணிக்கு 240 கி.மீ., டபிள்யூ 270. வேகத்துக்கு மட்டுமில்லை, நம்மூர் சித்திரை வெயிலில் சூடு தாங்கவும்தான். வண்டிக் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்காதீங்க. 97 என்றால் ஒரு டயர் தாங்கும் சுமை 730 கிலோ, அதையும் குறைக்காதீங்க.

திருநகர் தம்பி:
பழசு ரன்ஃபிளாட்டா, அதாவது காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற டயரா? ஸ்டெப்னி இல்லையென்றால் சாதா டயர் வேண்டாம்ணே.

அண்ணாநகர்வாசி:
ரன்ஃபிளாட்தான். அவர் காட்டிய டயரில் 1219, அதாவது தயாரித்தது 2019இன் 12ஆம் வாரம்! "பெட்டி பிரிக்காத சரக்கு" என்றார். டயருக்கு ஏதுங்க பெட்டி? வேறு கடையில் டபிள்யூவே சொல்லிவிட்டேன்.